சேவை என்னும் பெயரால்

சில ஆண்டுகளுக்கு முன், மேல்நிலைத் தேர்வு எழுதி முடித்த பிள்ளைகளுக்காக நம் பங்கு மன்றத்தில் ஒரு வழிகாட்டுக் கூட்டம் நடத்தினோம். பொறியியல், செவிலியர் பயிற்சி, வங்கித் தேர்வு, ஆடை வடிவமைப்பு, வெளிநாட்டு வேலை என்று வந்திருந்தோர் ஒவ்வொருவராய்ப் பேசி முடித்தபின், கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். தந்தை டையிங் பட்டறைத் தொழிலாளி. தாய் பனியன் கம்பெனியில் கைமடி வேலை செய்பவர். "ஃபாதர், சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கற வேலைக்குப் போலாம்னு இருக்கறனுங்க. அதுக்கு என்ன படிக்கோணும், எங்கெங்க வேலை இருக்குதுங்க?" என்று கேட்டாள். மன்றத்தில் சிரிப்பொலி எழுந்தது. அச்சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம். "நல்ல வேலைதான் அம்மா. கல்யாணம் ஆகும்வரை பொழுதும் போகும், புண்ணியமும் சேரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குச் சென்றோம்.

அவள் நம்மினும் உறுதியுடையவள். பயிற்சி பெற்றாள், கிறிஸ்தவ நிர்வாகத்தின் கீழ் இயங்கும் ஒரு மழலையர் பள்ளியில் சேர்ந்தாள். ஈராண்டு கழிந்து ஒரு சனிக்கிழமை இரவு, வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் பெண்களின் கூட்டத்தில் அவளைக் கண்டோம். செக்கிங் வேலைக்கு மாறியிருந்தாள். "குழந்தைகளை விட்டுவிட்டாயா அம்மா?" என்றோம். "புள்ளைங்களைப் புடிக்காம வரலீங்க ஃபாதர். அங்க ஒரு மாசம் வாங்குனதை இங்க பத்து நாள்ல வாங்கிப்போடறேன். வாடகை கட்டோணுமில்லீங்களா?" என்றாள்.

மறுமொழி கூற நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. அன்று மன்றத்தில் தராத விடையையும், அன்றிரவு தெருவில் தராத விடையையும் சேர்த்து இன்று எழுதுகிறோம். நாம் சொல்ல வருவது இதுவே: சின்னஞ்சிறாரைப் பேணிக் கற்பிக்கும் பணி ஒரு தொழில், பயிற்சியும் திறமையும் வேண்டும் தொழில். அதைச் சேவை என்று பெயரிட்டுக் கூலியைக் குறைப்பது அநீதி. அந்த அநீதியில் திருச்சபையின் நிறுவனங்களும் பங்கேற்கின்றன. இவ்வாறு எழுதுவதால் உடன் குருக்கள் சிலருக்கும் அருள்சகோதரிகள் சிலருக்கும் மனவருத்தம் நேரலாம். நேர்ந்தால் அதனையும் ஏற்கிறோம்.

யார் பெற்ற பிள்ளைகள்?

2024-25 நிதியாண்டில் திருப்பூர் ஏற்றுமதி செய்த பின்னலாடையின் மதிப்பு ஏறக்குறைய 40,000 கோடி ரூபாய். அவ்வாடையைத் தைத்தவர்கள் யார்? தேனி, திண்டுக்கல், மதுரை மாவட்டங்களிலிருந்து நிலம் வறண்டு வந்தவர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இரயிலேறி வந்தவர்கள். லைன் வீடுகளில் ஓர் அறையும் ஓர் அடுப்பும் கொண்டு வாழும் இவர்களிடம், பிள்ளையை விட்டுச் செல்லப் பாட்டி இல்லை. பாட்டி ஊரில் இருக்கிறாள். காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் நுழையும் தாய், வேலை மிகுந்த நாளில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறாள். அந்தப் பன்னிரண்டு மணி நேரம் அவள் குழந்தை யார் கையில் இருக்கிறது?

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதற்காக நன்றி சொல்வோம். 1975 அக்டோபர் 2-இல் நாட்டின் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் இன்று தமிழகத்தில் மட்டும் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களாக விரிந்துள்ளது. ஆனால், இரண்டு வயது நிரம்பாத குழந்தையைத் தாயின் வேலை நேரம் முழுவதும் வைத்துப் பேண அம்மையம் அமைக்கப்படவில்லை. மாலையில் அது பூட்டப்படும்போது ஓவர்லாக் இயந்திரத்தில் தாயின் வேலை முடிந்திருப்பதில்லை. எஞ்சிய நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரியோ, ஐந்தாம் வகுப்பிலிருந்து நிறுத்தப்பட்ட அக்காளோ காவல். ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மற்றொரு குழந்தையின் படிப்பு நின்றுபோன வீடுகளை, வீடு மந்திரிக்கச் சென்ற நாம் எண்ணற்ற முறை கண்டிருக்கிறோம்.

இது புதிய துயரமன்று. உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த குழந்தைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று உரிமையாளர்கள் கவலைப்பட்டார்கள். சுவர்களைக் காப்பாற்றவே அவர்கள் ஓர் அறையை ஒதுக்கினார்கள். அவ்வறையில் 1907 ஜனவரி 6-ஆம் நாள், திருக்காட்சிப் பெருவிழாவன்று, மரியா மாண்டிசோரி என்னும் மருத்துவர் தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை'த் திறந்தார். கத்தோலிக்கராகிய அப்பெண்மணி 1939-இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்நாட்டில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார், கொடைக்கானலிலும் வாழ்ந்தார். இன்று 'மாண்டிசோரி' என்னும் பெயர் வசதி படைத்தோரின் பள்ளிப் பலகைகளில் மின்னுகிறது. கூலிக்காரரின் குழந்தைகளுக்காகப் பிறந்த முறை அது என்பதை நினைப்பார் எத்தனை பேர்?

சட்டம் சொல்வதும் நாம் கண்டதும்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. ஐம்பது பெண் தொழிலாளருக்கு மேல் உள்ள ஆலைக்கு என்று முதலில் இருந்ததை 1976-இல் முப்பது பெண்கள் என்று குறைத்தார்கள். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேர் பணிபுரியும் எந்நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்கலாம் என்றும் கூறியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த ஐம்பது பேர் கணக்கையே கொண்டிருக்கிறது. ஆக, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக ஏட்டில் காப்பகம் இருந்து வருகிறது.

ஏட்டில் உள்ளது தளத்தில் எப்படி உள்ளது? ஒருமுறை ஒரு கம்பெனியின் புதிய கட்டடத்தை மந்திரிக்க அழைக்கப்பட்டோம். 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதிய அறையையும் திறந்து காட்டினார்கள். வண்ணப் படங்கள் தீட்டிய சுவர். பாலிதீன் உறை பிரிக்கப்படாத தொட்டில். பெட்டியிலிருந்து எடுக்கப்படாத பொம்மைகள். குழந்தைகள் எங்கே என்று கேட்டபோது, மேற்பார்வையாளர் சற்றும் கூச்சமின்றி, "ஆடிட் வர்ற அன்னைக்குக் கூட்டியாருவமுங்க ஃபாதர்" என்றார். அன்றைக்கு மட்டும் பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி வெள்ளைச் சேலை உடுத்தி ஆயாவாக அமர்வாளாம். வெளிநாட்டு வணிகரின் கண்ணுக்குக் காட்டத் தொட்டில் உண்டு. உள்நாட்டுக் குழந்தை படுக்கத் தொட்டில் இல்லை. அத்தொட்டிலையும் மந்திரித்துவிட்டு வந்தோம் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறோம். எல்லாக் கம்பெனிகளும் இவ்வாறில்லை. உண்மையாகவே காப்பகம் நடத்துவோரும் உளர். அவர்களை நாம் அறிவோம், மதிக்கிறோம்.

அரசும் இதில் குற்றமற்றதன்று. அங்கன்வாடிப் பணியாளரை 'மதிப்பூதியம்' பெறும் தொண்டர் என்றே நெடுங்காலம் வகைப்படுத்தி வைத்தார்கள். 2018 அக்டோபரிலிருந்து மத்திய அரசு அவருக்கு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுக்கின்றன. 2019-இல் தமிழக அரசு 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்புகளைத் தொடங்கியது. 2022-இல் அவற்றை நிறுத்த முற்பட்டு, எதிர்ப்பு எழுந்தபின் தொடர்ந்தது. அப்போது அமர்த்திய தற்காலிக ஆசிரியைகளுக்குப் பேசிய தொகை மாதம் 5,000 ரூபாய். ஆனால் அதே 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடைச் சட்டத்தின் கீழ் வருவர் என்றும், மதிப்பூதியம் என்று அழைக்கப்படுவது அச்சட்டத்தின்படி ஊதியமே என்றும் தீர்ப்பளித்தது. பெயரை மாற்றி உரிமையை மறுக்கும் தந்திரத்தை நீதிமன்றம் கண்டுகொண்டது. நாம் எப்போது கண்டுகொள்ளப் போகிறோம்?

நான்கு சாக்குகள்

இப்பொருளைப் பேசத் தொடங்கினால் நம்மவர் வழக்கமாகக் கூறும் விடைகள் நான்கு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: "இது இறைப்பணி, சம்பளக் கணக்குப் பார்க்கலாகாது." இவ்விடைக்கு ஒரு வரலாறு உண்டு. நம் பள்ளிகளை எழுப்பியவர்கள் அருள்சகோதரிகள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த அவர்களுக்கு உணவும் உறைவிடமும் மருத்துவமும் முதுமைக்காலப் பராமரிப்பும் சபையே தந்தது. கையில் சம்பளம் வேண்டியதில்லை. பின்னர் சகோதரிகளின் எண்ணிக்கை குறைந்தது. அவ்விடங்களில் பொதுநிலைப் பெண்கள் வந்தார்கள். நாம் என்ன செய்தோம்? சகோதரியின் சம்பளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சகோதரிக்கு இருந்த பாதுகாப்பை மட்டும் நீக்கிவிட்டோம். அப்பெண்கள் எடுக்காத வார்த்தைப்பாட்டை அவர்கள்மேல் நாம் சுமத்தினோம். கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கினார் எனப் பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதுகிறார். தம்மை வெறுமையாக்கினாரேயன்றிப் பிறரை வெறுமையாக்கவில்லை. தியாகம் ஒருவர் தாமே விரும்பித் தருவது. ஒருவரது தியாகத்தை மற்றவர் திட்டமிட்டு வரவுசெலவுக் கணக்கில் எழுதினால் அதன் பெயர் வேறு.

இரண்டாவது: "குழந்தையைப் பார்த்துக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியுமே, அதற்கென்ன படிப்பு?" சோறு எந்தப் பெண்ணும் ஆக்குவாள் என்பதால் மருத்துவமனையில் நோயாளிக்குரிய உணவுத் திட்டத்தை எவரும் வகுத்துவிட முடியுமா? மூளை வளர்ச்சியின் 85 விழுக்காட்டுக்கு மேல் ஆறு வயதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. மூன்று வயதுக் குழந்தை பேசத் தயங்குவது கூச்சத்தாலா, காது கேளாமையாலா என்று முதலில் கண்டறிய வேண்டியவர் யார்? வீட்டில் ஒடியா பேசும் குழந்தை தமிழ் வகுப்பில் வாய்மூடி அமர்ந்திருக்கையில், அதன் மௌனத்தை மந்தபுத்தி என்று எழுதிவிடாமல் காப்பவர் யார்? கதை, பாட்டு, மணல், விதை, வண்ணம் ஆகியவற்றால் விரலையும் நாவையும் பழக்கி, எழுத்துக்கு முன் கேட்டலை வளர்ப்பது அறிவியல். அது தெரியாதவர் கையில் மூன்று வயதுப் பிள்ளை பென்சிலும் கோடுபோட்ட நோட்டுமாக அழுதுகொண்டிருக்கிறது.

மூன்றாவது: "சம்பளம் உயர்ந்தால் கட்டணம் உயரும், ஏழைகள் எங்கே போவார்கள்?" கேட்கக் கனிவாக இருக்கும் இக்கேள்வி உண்மையில் சொல்வது யாது? ஏழைக் குழந்தையின் கட்டணத்தை ஏழை ஆசிரியை தன் வயிற்றிலிருந்து கட்டவேண்டும் என்பதன்றோ! இருக்கும் செல்வரைக் கேளாமல், இல்லாத இருவரில் ஒருத்தியைப் பிழிவது என்ன நீதி? தேர்த் திருவிழாவின் மின்விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் வந்ததே. கெபிக்குப் பளிங்குக்கல் பதிக்கப் பணம் வந்ததே. கேட்டோம், கிடைத்தது. ஆசிரியையின் சம்பளத்துக்கென நாம் இதுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை.

நான்காவது: "தாய் வீட்டில் இருந்து வளர்ப்பதே சிறந்தது." பெற்றோரே முதல் ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்ததை நாமும் போதிக்கிறோம். ஆனால் 1981-இல் இரண்டாம் ஜான் பால் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தாய் தன் பிள்ளைகளோடு இருக்க இயலுமாறு குடும்பத்துக்குப் போதிய ஊதியமும் உதவியும் தரப்படவேண்டும் என்பதையும் சேர்த்தே வைத்தார். தந்தைக்குக் குடும்பக் கூலி கொடுக்காதவர், தாயை வீட்டில் இருக்கச் சொல்லும் தகுதியை இழக்கிறார். அவளும் தைத்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும் என்பதை மறைத்துவிட்டுச் செய்யும் மறையுரை யாருக்கு?

நம் சொந்தச் சட்டம்

மே முதல் நாளில், தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாளன்று, யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தைக் கையிலெடுத்து, அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரைக் குறித்துப் பேசுகிறோம். பனியன் முதலாளிகள் முன்வரிசையில் தலைகுனிந்து கேட்கிறார்கள். அதே பீடத்துக்குப் பின்னால் நம் பள்ளியின் சம்பளப் பதிவேடு இருக்கிறதே, அதை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்த்தால் என் செய்வோம்?

1971-இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம் 'உலகில் நீதி' என்னும் ஏட்டில், பிறருக்கு நீதியைப் பற்றிப் பேசத் துணிவோர் முதலில் அவர்கள் பார்வையில் நீதியாய் இருக்கவேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. திருச்சபையில் உழைப்போருக்குப் போதிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 231-ஆம் எண், திருச்சபைப் பணியில் ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது. 1286-ஆம் எண், சொத்து நிர்வாகிகள் தம் ஊழியருக்கு நேர்மையான கூலி தரக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. இதனைக் குருமடத்தில் படித்துத் தேர்வெழுதித் தேறினோம். "அந்தச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டுதானே வந்தாள்?" என்பாருக்கும் விடை பழையதே. வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்த கூலிக்கு ஒப்பினால், அவ்வொப்புதல் அநீதியை நீதியாக்காது என 1891-இலேயே பதின்மூன்றாம் லியோ போதித்துவிட்டார்.

அந்த மகளுக்கு விடை

இனி, அன்று அவள் கேட்ட கேள்விக்கு வருவோம். சின்னஞ்சிறார் கல்வியில் எங்கெங்கு வேலை உண்டு?

அரசுப் பணி ஒரு கதவு. 2025-இல் தமிழகம் வெளியிட்ட நியமன அறிவிப்பின்படி, அங்கன்வாடிப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வரை வயதும் வேண்டும். முதல் ஓராண்டு மாதம் 7,700 ரூபாய், பின்னர் 7,700 முதல் 24,200 வரை செல்லும் சிறப்புக் காலமுறை ஊதியம். பெரிய தொகையன்று, ஆனால் ஏணி இருக்கிறது. மேற்பார்வையாளர், குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் என்னும் படிகளும் அத்துறையில் உண்டு. பட்டம் பயில விரும்புவோருக்கு அருகிலேயே கோவை அவிநாசிலிங்கம் நிறுவனத்தில் மனித மேம்பாட்டுத் துறை இருக்கிறது. தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயமும் மாண்டிசோரிப் பயிற்சியும் பிற வழிகள். தனியார் மழலையர் பள்ளியில் சேருமுன் மூன்று கேள்விகளைக் கூசாமல் கேள், மகளே: எழுத்தில் நியமனக் கடிதம் உண்டா? வருங்கால வைப்பு நிதியும் தொழிலாளர் ஈட்டுறுதியும் உண்டா? ஒரு வகுப்பில் குழந்தைகள் எத்தனை பேர்? விடை மழுப்பலாக வந்தால், நிறுவனத்தின் பலகையில் எந்தப் புனிதரின் பெயர் இருந்தாலும் திரும்பி வந்துவிடு.

தொண்டு நிறுவனங்களும் உண்டு. 1969-இல் டில்லியில், காந்தி நூற்றாண்டுக்காக எழும்பிய கட்டடங்களின் நிழலில் கல்சுமக்கும் பெண்களின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்ட மீரா மகாதேவன், வேலைத்தளத்திலேயே காப்பகம் தொடங்கினார். 'மொபைல் கிரெஷஸ்' என்னும் அவ்வமைப்பு இன்றும் பணியாற்றுகிறது. கட்டடத் தளத்தில் இயன்றது பனியன் தளத்தில் இயலாதா?

செய்ய வேண்டியவை

ஆகவே நம் மறைமாவட்டத்தின் பள்ளி நிர்வாகங்களுக்கும் பங்குப் பேரவைகளுக்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நம் மழலையர் பள்ளிகளில் எந்த ஆசிரியையும் ஆயாவும், பக்கத்துக் கம்பெனியில் ஒரு செக்கிங் பெண் ஒரு ஷிப்ட் வேலைக்கு வாங்கும் கூலிக்குக் குறைவாகப் பெறலாகாது. இது மிகத் தாழ்ந்த அளவுகோல், அதையேனும் எட்டுவோம். இரண்டாவது, வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் பங்கு மன்றங்களைக் கம்பெனி நேரத்துக்கு ஏற்பக் காலை எட்டிலிருந்து இரவு ஒன்பது வரை குழந்தைகள் இல்லங்களாகத் திறப்போம். பயிற்சி பெற்ற நம் பெண்களையே இரு முறைகளாக அமர்த்துவோம். அவர்களது ஊதியத்தைக் கம்பெனிகளும் பங்கும் பெற்றோரும் பகிரட்டும். மதம் கேளாமல், மொழி கேளாமல் சேர்ப்போம். மூன்றாவது, அடுத்த வழிகாட்டுக் கூட்டத்தில் பொறியாளருக்கும் செவிலியருக்கும் நடுவே ஓர் அங்கன்வாடிப் பணியாளரையும் மேடையில் அமர்த்துவோம்.

நம் பங்கில் முதல் வேண்டுகோளை இக்கல்வியாண்டிலேயே நிறைவேற்றப் பேரவையிடம் கேட்டுள்ளோம். அதற்காகத் திருவிழாச் செலவைக் குறைக்கவேண்டியிருக்கும் என்றதும் எதிர்ப்பு எழுந்தது. முடிவு இன்னும் ஆகவில்லை. ஆகும்வரை பேசுவோம்.

மாற்கு நற்செய்தியில் ஒரு காட்சி உண்டு. சிறு பிள்ளைகளை இயேசுவிடம் சிலர் கொண்டுவருகிறார்கள், சீடர்கள் அதட்டுகிறார்கள், இயேசு சினம் கொள்கிறார். ஆண்டுதோறும் இப்பகுதியைப் படிக்கையில் பிள்ளைகளைப் பற்றியே மறையுரை ஆற்றிவந்தோம். சீடர்கள் அதட்டியது பிள்ளைகளையன்று, அவர்களைக் கொண்டுவந்தவர்களை. அக்கொண்டுவந்தவர்களின் பெயரைக்கூட நற்செய்தியாளர் குறிக்கவில்லை. அன்று மன்றத்தின் கடைசி வரிசையில் எழுந்து நின்றவள் அவர்களுள் ஒருத்தி. சிரித்தவர்கள் சீடர்களாகிய நாம்.